ஒரு தாம்பாளத்தில் நாலு பேர்

மேல் திருப்பதியில் ஒரு கோழி முட்டைக்குக்கூட இடமில்லை. கீழ்த் திருப்பதியிலோ பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததும் பைபாஸ் ரோட்டோரம் கரி அடுப்புகள் கனலத் தொடங்கிவிடுகின்றன. பிளந்த கோழிகள் கம்பி வலையில் புரளுகின்றன. கொழுப்பு சொட்டும்போதெல்லாம் "சுர்"ரென்று புகை கிளம்பி, ஏழுமலையைப் பார்த்தபடி மேலே போகிறது. மலை ஏற வந்தவர்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. மலை இறங்கி, பிரார்த்தனை முடிந்தது என்ற நிம்மதியில், மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன்பே அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைபவர்களும் உண்டு.

மந்தி, அல்ஃபஹாம், ஷவர்மா, கிரில், பார்பிக்யூ. இந்தப் பெயர்ப் பலகைகள் திருப்பதியோடு நிற்கவில்லை. 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சித்தூரிலும் மாலை நேரத்தில் இதே புகை, இதே பெயர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழரிடம் "இன்றைக்கு மந்தி சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார். மந்தி என்றால் நமக்குக் குரங்கு. திருமலைப் படிக்கட்டில் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது அதுதான். இன்று அதே சொல் பலகையில் கொட்டை எழுத்தில் நிற்கிறது. குழந்தைகள் அதைப் படித்துவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

ஆனாலும் நம்மவர்களில் பலர் இந்தக் கடைகளின் வாசல் வரை போய்த் திரும்பியவர்கள்தாம். ஓட்டலிலோ லாட்ஜிலோ வேலை, கம்பெனியில் ஷிப்டு, ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிஞ்சுவது சொற்பம். எதிரே கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வாயில் நுழையாத பெயர்கள். உள்ளே போய் என்ன கேட்பது? ஒரு பிளேட் ஒருவருக்கா, நாலு பேருக்கா? பில் எவ்வளவு வரும்? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. கடைசியில், தெரிந்த பிரியாணிக் கடைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஏமனிலிருந்து வந்த வழி

மந்தி ஏமன் நாட்டுச் சாப்பாடு. அந்த நாட்டின் கிழக்கே இருக்கும் ஹத்ரமௌத் பிரதேசம் அதன் பிறப்பிடம். தரையில் குழி தோண்டி, உட்புறம் களிமண் பூசி, அடியில் விறகை எரித்துத் தணலாக்கிக்கொள்வார்கள். அரிசிப் பாத்திரத்தை உள்ளே இறக்கி, அதற்கு மேலே கம்பி வலையில் ஆட்டிறைச்சியை வைத்து, குழியை மூடி, காற்றுப் போகாமல் அடைத்துவிடுவார்கள். இறைச்சி வேக வேக அதன் சாறும் கொழுப்பும் சொட்டுச் சொட்டாக அரிசியில் இறங்கும். பனி என்ற பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து மந்தி என்ற பெயர் வந்தது என்பார்கள். பனி படர்ந்தது போல் ஈரம் மாறாத இறைச்சி என்பது கருத்து. அதில் மிளகாய்க் காரம் கிடையாது, தேங்காய் கிடையாது. ஏலம், பட்டை, கிராம்பு, மிளகு, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான்.

இது ஆந்திரத்துக்கு வந்த கதை சுவாரசியமானது. நிஜாமின் படையில் சேவகம் செய்ய ஹத்ரமௌத் அரபுகள் 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஐதராபாத்துக்கு வந்தார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்குப் பெயர் பார்க்காஸ். படை வீடுகளைக் குறிக்கும் "பாரக்ஸ்" என்ற ஆங்கிலச் சொல் ஜனங்கள் வாயில் அப்படி உருண்டுவிட்டது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய யூனியனோடு சேர்ந்தது. நிஜாமின் படை போயிற்று. குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அவர்கள் வீட்டு அடுப்பும் இருந்தது. ரம்ஜான் மாதத்தில் ஐதராபாத்தே வரிசையில் நின்று வாங்கும் ஹலீமுக்கு மூலமான ஹரீஸ் அந்த அடுப்பில் கிண்டியதுதான். மந்தியும் அங்கிருந்தே ஓட்டல் சரக்காகி, நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கு ஊர் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது.

அது மட்டும் வழியல்ல. கடப்பைப் பக்கம் ராயச்சோட்டி, ராஜம்பேட்டை, இந்தப் பக்கம் சித்தூர்ச் சீமை, இங்கெல்லாம் குவைத் போய் வராத தெருவைத் தேட வேண்டும். டிரைவராகவும் வீட்டு வேலைக்காரராகவும் போனவர்கள் அங்கே முதலாளி வீட்டுத் தட்டுகளில் பார்த்ததைத் திரும்பி வந்து இங்கே தேடினார்கள். கேரளத்தார் கொண்டுவந்தது இன்னொரு வழி. வளைகுடாவிலிருந்து திரும்பிய மலையாளிகள் ஷவர்மாவையும் அல்ஃபஹாமையும் கொண்டுவந்தார்கள். மந்திக்குக் "குழிமந்தி" என்று அவர்கள் வைத்த பெயர் நமக்கும் பொருள் விளங்குகிற பெயர். ஐதராபாத் வழியும் குவைத் வழியும் கேரள வழியும் இந்த இரண்டு ஊர்களில் வந்து முட்டிக்கொள்கின்றன. அதனால்தான் ஒரே கடையில் ஏமன் நாட்டு மந்தியும், லெபனான் பக்கத்து ஷவர்மாவும், பஞ்சாபித் தந்தூரியும், போதாக்குறைக்குச் சைனாக்காரர் நூடுல்சும் ஒரே மெனு கார்டில் கிடக்கின்றன.

எச்சில் பிரச்சினை

நாலு பேர் சம்பள நாளன்று ஒரு மந்தி ஓட்டலுக்குள் துணிந்து நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேலூர்க்காரர். ஒருவர் திருவண்ணாமலை. ஒருவர் தர்மபுரி. நாலாமவர் சித்தூரிலேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசுகிறவர். செருப்பைக் கழற்றி விடச் சொல்கிறார்கள். மேஜை நாற்காலிக்குப் பதில் தரையோடு மெத்தை, திண்டு, நடுவே ஒரு தாழ்ந்த பலகை. அரபு நாட்டு வரவேற்பறையின் மாதிரி இது. (ஆந்திரத்து ஊர்கள் சிலவற்றில் கம்பிக் கதவு போட்டு ஜெயில் அறை மாதிரியே கட்டி, அதற்குள் உட்கார வைத்து மந்தி பரிமாறுகிறார்கள். காசு கொடுத்து ஜெயிலுக்குப் போகும் வேடிக்கை இந்தக் காலத்தில்தான்.)

"ஒக்க பிளேட்டு நலுகுரு தினொச்சு சார்" என்கிறார் சப்ளையர். ஒரு பிளேட்டை நாலு பேர் சாப்பிடலாமாம். சிறிது நேரத்தில் கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவில் ஒரு தட்டு நடுவில் வந்து இறங்குகிறது. மலை போல் நீள அரிசிச் சாதம், மேலே நாலு துண்டு இறைச்சி, வறுத்த வெங்காயம், முந்திரி, திராட்சை. ஓரத்தில் தக்காளிச் சட்னி ஒரு கிண்ணம், வெள்ளை மயோனைஸ் ஒரு கிண்ணம், எலும்பு சூப் ஆளுக்கு ஒன்று. தனித்தட்டு ஒன்றும் வரவில்லை.

"என்னப்பா இது, ஒரே தட்டா?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர்கள் பதில் சொல்லாமல் தட்டையே பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்களுக்குச் சங்கடம். விலையோ காரமோ அல்ல, எச்சில். ஒருவர் கடித்ததை இன்னொருவர் தொடாத வளர்ப்பு நம்முடையது. தண்ணீரைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஜனங்கள் நாம். அந்த வழக்கத்தில் சுத்தமும் உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு வேறொன்றும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. ஒரே அறையில் ஆறு மாதம் பாய் விரித்துப் படுத்தவர்கள், ஒரே சோப்பில் குளித்தவர்கள், ஒரே தட்டில் கை வைக்கும் நேரம் வந்ததும் "நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு" என்று விசாரிக்கத் தொடங்குவதை இன்றும் பார்க்கலாம். தனித்தட்டு கேட்கிறவர்கள் எல்லோரும் சுத்தத்துக்காகக் கேட்கவில்லை. மந்தித் தட்டு அந்தக் கேள்வியைச் சத்தமில்லாமல் நடுவில் கொண்டுவந்து வைக்கிறது.

கூட்டுத் தட்டு தமிழருக்குப் புதிது என்று சொல்வதும் சரியல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் "சஹன் சாப்பாடு" என்பது பழைய வழக்கம். பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் எடுத்து உண்பார்கள். அந்தச் சொல்லும் அரபுச் சொல்தான், தட்டு என்று பொருள். மற்ற வீடுகளிலும் நிலாச் சோறு இருந்ததே! மொட்டை மாடியில் பாட்டி ஒரே குண்டானில் பிசைந்து, வட்டமாக உட்கார்ந்த பேரப்பிள்ளைகளுக்கு உருட்டி உருட்டிக் கையில் வைத்ததை யாரும் எச்சில் என்று சொன்னதில்லை. அங்கே பரிமாறிய கை ஒன்று. அதுதான் வித்தியாசம்.

கூட்டுத் தட்டுக்கு ஒழுங்கு இருக்கிறது. வலது கையால் மட்டும் எடுப்பது, தன் முன்னால் இருப்பதைத்தான் எடுப்பது, நடுவில் கையை ஓட்டாமல் இருப்பது, கடித்த எலும்பைச் சோற்றில் திருப்பிப் போடாமல் தனிக் கிண்ணத்தில் போடுவது. இதைக் கடைப்பிடித்தால் ஒருவர் விரல் பட்ட சோறு இன்னொருவர் பக்கம் போவதில்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லையா? "நாலு பிளேட் வேணும்" என்று கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சப்ளையர் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டார். குடும்பத்தோடு வருகிறவர்களில் பலர் அப்படித்தான் கரண்டியால் பிரித்துக்கொள்கிறார்கள். ஜலதோஷம், இருமல் உள்ளவர் ஒருவர் கூட இருந்தால் தனித்தட்டுதான் நல்லது. அதில் சாதியும் இல்லை, மதமும் இல்லை.

எது மந்தி, எது பெயருக்கு மந்தி

பலகையில் மந்தி என்று எழுதியதெல்லாம் மந்தி ஆகிவிடாது. நல்ல மந்தியில் சாதத்துக்குள் இறைச்சிச் சாறு இறங்கியிருக்க வேண்டும். சாதத்தைத் தனியாக ஒரு வாய் எடுத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். லேசான கரிப்புகை மணமும், இறைச்சியின் சுவையும் சாதத்திலேயே இருக்கும். இறைச்சி, விரலால் அமுக்கினால் எலும்பை விட்டுக் கழன்று வரும்.

இந்தப் பக்கத்து ஓட்டல்கள் பலவற்றில் நடப்பது வேறு. சாதத்தைத் தனியாக வடித்து, மஞ்சள் நிறம் கொடுத்து, மேலே எண்ணெயில் வறுத்த கோழியை வைத்து "ஃபிரை மந்தி" என்று கொடுத்துவிடுகிறார்கள். மசாலாக் குழம்பில் புரட்டிய துண்டை வைத்தால் அது "ஜூசி மந்தி". ஏமன்காரர் பார்த்தால் இது என்ன என்று கேட்பார். இருந்தாலும் காரம் இல்லாமல் சோறு இறங்காத ராயலசீமை நாக்குக்கு ஏற்றபடி மந்தி இப்படி மாறிக்கொண்டிருக்கிறது. ராகிக் களியும் நாட்டுக் கோழிக் குழம்பும் உண்ட ஊர், பட்டையும் ஏலமும் மட்டும் போட்ட இறைச்சியை அப்படியே ஏற்றுக்கொள்ளுமா? ஃபிரை மந்தியைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. குழி மந்தியின் விலைக்கு அதை விற்பதுதான் குற்றம். "குழியில் வைத்ததா, வறுத்ததா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வேலூர்ப் பக்கத்து ஆட்கள் முதல் முறை மந்தி சாப்பிட்டால் ஏமாற்றம் அடைவது சகஜம். அவர்கள் மனதில் இருக்கும் அளவுகோல் ஆம்பூர்ப் பிரியாணி. சீரகச் சம்பா, மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். அதை நினைத்துக்கொண்டு மந்தியைத் தொட்டால் "சப்பென்று இருக்கிறதே" என்றுதான் தோன்றும். பிரியாணியில் மசாலா பேசும், மந்தியில் இறைச்சி பேசும். இறைச்சி நல்லதாக இல்லாவிட்டால் மந்தியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பழைய இறைச்சியை மசாலாவில் மறைக்கிற வித்தை அங்கே செல்லாது. பார்க்கப்போனால் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

அல்ஃபஹாம் என்றால் அரபு மொழியில் கரி. கோழியை முதுகில் பிளந்து விரித்து, மசாலாவில் ஊறவைத்து, தணல் மேல் வலையில் வைத்துச் சுடுவது. தந்தூரிக்கும் இதற்கும் வித்தியாசம் அடுப்பில் இருக்கிறது. தந்தூரி, மண் பானை போன்ற அடுப்புக்குள் கம்பியில் செருகிச் செங்குத்தாக இறக்கியது. 1947 பிரிவினைக்குப் பிறகு பெஷாவர்ப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்தவர்கள் ஓட்டல் வைத்து அதை நாடெங்கும் பிரபலமாக்கினார்கள். அல்ஃபஹாமில் தயிர் குறைவு, சிவப்புச் சாயம் இருக்கக் கூடாது. கால், அரை, முழு என்று கோழிக் கணக்கில் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கு அரைக் கோழியும் கூடக் குபூஸ் ரொட்டியும் தாராளம். எண்ணெய் குறைவாக வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்கலாம். ஆனால் தணல் சரியாக இல்லாத கடையில் மேலே கரிந்து, எலும்பருகே ரத்தம் கசியும். அப்படி வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். கோழி உள்ளே 74 டிகிரி சென்டிகிரேடு சூடாவது ஏறினால்தான் கிருமி சாகும். நம்மிடம் அளக்கக் கருவி இல்லை. தொடையும் உடலும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும். சாறு தெளிவாக இருக்க வேண்டும், சிவந்திருக்கக் கூடாது.

இறைச்சியைத் தணலில் சுடுவது அரபு நாட்டார் வந்து கற்றுத்தர வேண்டிய வித்தை அல்ல. கம்பியில் கோத்துச் சுட்ட துண்டுகளைத் தெலுங்கில் "சீக்குலு" என்பார்கள். மாலையானால் தெருவோர வண்டிகளில் அதன் வாசனைதான். இன்னும் பின்னால் போனால், கரிகால் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், கம்பியில் சுட்ட கொழுத்த இறைச்சியைத் தின்று தின்று பொருநர் கூட்டத்துக்குப் பல்லே மழுங்கிப்போன செய்தி வருகிறது. இந்த மலையடிவாரமும் புலால் அறியாத பூமியல்ல. ஏழுமலையானின் தங்கை என்று ஜனங்கள் கொண்டாடும் கங்கம்மாவுக்குத் திருப்பதியில் மே மாதம் ஜாத்திரை நடக்கும்போது கோழியும் ஆடும் நேர்ந்துகொள்கிறவர்கள் ஏராளம். சித்தூரிலும் அப்படியே. மலைக்கு மேலே ஒரு நியதி, கீழே ஒரு நியதி. ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறார்கள்.

ஷவர்மா விஷயத்தில் ஜாக்கிரதை

மாணவர்களும் கம்பெனிப் பையன்களும் அதிகம் வாங்குவது ஷவர்மாதான். கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்றுவிடலாம், விலையும் குறைவு. சுழற்றுவது என்ற பொருளுள்ள துருக்கிச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. துருக்கியில் 19-ம் நூற்றாண்டில் செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுழற்றிச் சுடும் முறை பரவி, சிரியா, லெபனான் என்று மத்தியதரைக் கடலோரம் இறங்கி, வளைகுடா வழியாகக் கேரளம் வந்து, இங்கே சேர்ந்திருக்கிறது. அந்தக் கடலோர நாடுகளில் கூடவே ஹம்மூஸ் என்று ஒரு துவையல் வைப்பார்கள். வேகவைத்த கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெய். சுண்டலும் எள்ளுப்பொடியும் தெரிந்த நமக்கு அது அந்நியமே இல்லை. சைவம் சாப்பிடுகிற மனைவியோ நண்பரோ கூட வந்தால், கடையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

ஷவர்மாவில் ஆபத்து அந்தக் கம்பியிலேயே இருக்கிறது. நெருப்பு படுவது வெளிப்புறத்தில் மட்டும். வெந்த மேல் பக்கத்தைச் சீவி எடுத்தால் உள்ளே பச்சை இறைச்சி தெரியும். அது வேகும் வரை காத்திருக்க வேண்டும். கூட்டம் நெருக்கினால் கடைக்காரர் காத்திருப்பாரா? கத்தி உள்ளே போய்விடுகிறது. மாலையில் ஏற்றிய இறைச்சி மிஞ்சினால் மறுநாள் அதே கம்பியில் ஏறுவதும் சில இடங்களில் நடக்கிறது.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயுற்று, ஒரு பள்ளி மாணவி இறந்தார். ஷிகெல்லா என்ற கிருமி அங்கே கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருவர் ஷவர்மா சாப்பிட்ட பின் உயிரிழந்தார். அதே கடையில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சந்தோஷமாகச் சாப்பிடப் போன குடும்பங்கள் அவை.

கூட வைக்கும் வெள்ளை மயோனைஸ் இன்னொரு சந்தேகப் புள்ளி. பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்வது. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருந்தால், வேகவைக்காத அந்தக் களிம்பில் அது சுகமாகப் பெருகும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைசைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்தது. தெலங்கானா 2024 அக்டோபரில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. இப்போது முட்டையில்லாத மயோனைஸ் கிடைக்கிறது. "முட்டை போட்டதா, போடாததா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அந்தக் கிண்ணத்தை ஒதுக்கிவிடலாம். மந்திக்குத் தக்காளிச் சட்னிதான் உண்மையான ஜோடி. மயோனைஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஷவர்மா வாங்கும்போது கவனிக்க வேண்டியது கடையின் விளக்கு அலங்காரம் அல்ல, கம்பியின் கீழே நெருப்பு எரிகிறதா என்பது. நெருப்பை அணைத்துவிட்டு இறைச்சியை மட்டும் தொங்கவிட்டிருந்தால் நகர்ந்துவிட வேண்டியதுதான். சீவிய துண்டுகளைத் தோசைக் கல் போன்ற தட்டில் போட்டு மறுபடி சூடாக்கித் தருகிற கடை நல்ல கடை. பார்சலாக வாங்கி, ஷிப்டு முடிந்து இரவு பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவது கூடவே கூடாது. வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தவிர்ப்பது நல்லது.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்க வேண்டும். 14 இலக்க எண் அதில் இருக்கும். 2022 ஜனவரி முதல் அந்த எண்ணைப் பில்லிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. சாப்பிட்டு வயிறு கெட்டால் புகார் கொடுக்க அந்தப் பில்தான் சாட்சி. அதைக் கசக்கிப் போட்டுவிடாமல் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

பில் வரும்போது

மந்தியில் காசு போவது இறைச்சித் துண்டின் கணக்கில். சாதம் எப்போதும் மிஞ்சும். நாலு பேர் போனால் நாலு பேர் பிளேட்டை எடுத்தவுடன் கேட்காமல், இரண்டு பேர் பிளேட் ஒன்றும் அரைக் கோழி அல்ஃபஹாமும் வாங்கிப் பார்ப்பது கெட்டிக்காரத்தனம். போதாவிட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்கிவிட்டதைத் திருப்ப முடியாது. ஆட்டிறைச்சி மந்திக்கும் கோழி மந்திக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. முதல் முறை போகிறவர்கள் கோழியிலேயே தொடங்கலாம்.

பில்லில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் இருக்கும். மொத்த வரி கட்டும் திட்டத்தில் சேர்ந்த சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி தென்பட்டால் அது வரியே அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். டிப்ஸ் கொடுப்பது வேறு. அதைச் சப்ளையர் கையில் நேராகக் கொடுத்துவிடலாம். அவரும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவராகத்தான் இருப்பார்.

மாநில எல்லை வகுத்தபோது 1953-ல் திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தோடு போயின. 1960-ல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. கோடு போட்டவர்கள் நாக்கைப் பிரிக்கவில்லை. அதனால் இங்கே ஓட்டல் வைத்தவர்கள் இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. புரட்டாசி பிறந்தால் தமிழ்க் குடும்பங்கள் கவுச்சியை நிறுத்திவிடும். அது முடிந்து தீபாவளியும் கழிந்தால் தெலுங்குக் குடும்பங்களுக்குக் கார்த்திக மாசம் தொடங்கிவிடும். சனிக்கிழமை பெருமாளுக்கு. ரம்ஜானில் பகல் முழுவதும் வெறிச்சோடி, மாலையில் இடம் கிடைக்காது. இந்தக் கணக்கை அறிந்தவர்கள் புரட்டாசியிலும் கார்த்திக மாசத்திலும் இந்தக் கடைப் பக்கம் போக மாட்டார்கள். பக்தி ஒரு காரணம், போணி ஆகாத நாளில் இறைச்சி பழையதாக இருக்கும் என்ற எச்சரிக்கை இன்னொரு காரணம். கூட்டம் இருக்கும் நாளில், இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போவதுதான் உசிதம்.

ஊரிலிருந்து உறவினர் தரிசனத்துக்கு வந்திருந்தால் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். மிஞ்சிய சோற்றைக் கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பார்சலோடு மலை பஸ்ஸில் ஏறிவிடக் கூடாது. இறைச்சி, முட்டை, மது, சிகரெட் எதற்கும் திருமலையில் அனுமதியில்லை. அலிபிரியில் பைகளைச் சோதித்துத்தான் விடுவார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பக்தர்கள் சிலர் விதி தெரியாமல் முட்டை கலந்த சாதத்தை மேலே கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு, போலீசாரிடம் எச்சரிக்கை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பத்திரிகைகளிலும் அது பெரிதாக வந்தது. மலைக்குப் போகிறவர்கள் முதலில் போய்ச் சேவித்துவிட்டு வரட்டும். தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் மந்தி கீழேதான் இருக்கும். அது எங்கும் ஓடிவிடாது, படிக்கட்டில் இருக்கும் மந்திதான் ஓடும்.